சௌந்தரத்தின் களைப்பு

இதில் ஒரு வார்த்தை பொய்யானாலும் என் பல்செட் பந்தியில் கழன்று பாயசத்தில் விழட்டும்.

வெளிநாட்டுச் சுற்றுலா போகும் தம்பதிகளுக்கு இப்போதெல்லாம் ஆளுக்கொரு கைப்பட்டை தருகிறார்கள். கட்டிக்கொண்டால் ஒருவர் களைப்பை மற்றவர் வாங்கிக்கொள்ளலாம். என் மனைவி சௌந்தரத்துக்கு முட்டிவலி, ஊர் பார்க்கும் ஆசையோ கொள்ளை கொள்ளையாய். அவள் களைப்பு முழுவதையும் நானே வாங்கிக்கொண்டேன்.

பாரிஸில் அவள் கோபுரப் படியேறினாள். நான் பேருந்தில் குறட்டை விட்டேன். ரோமில் அவள் ஊரெல்லாம் நடந்தாள். நான் புளியோதரைப் பொட்டலத்தின் மேலேயே சாய்ந்துவிட்டேன்.

“தூங்குறதுக்கா சார் இவ்வளவு தூரம் வந்தீங்க? வீட்ல கட்டில் இல்லையா?” என்றான் வழிகாட்டி இர்ஃபான்.

சாயங்காலமானால் சௌந்தரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பார்த்ததையெல்லாம் சொல்வாள்.

“ஏங்க, ஏரிக்கரையில அன்னம் ஒண்ணு தெருநாய் மாதிரி தொரத்திச்சுங்க.”

“நீ என்ன பண்ணே?”

“ஓடினேன்.” முட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். “நான் ஓடினேங்க.”

ஊர் திரும்பியும் களைப்பு தீரவில்லை. பட்டையைத் திருப்பிக் கேட்கிறார்கள். கழற்ற மனம் வரவில்லை.

விமானம் ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பே சௌந்தரம் இறந்துவிட்டாள். அவள் பட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான் தனியாகத்தான் போய்வந்தேன்.