இன்னும் ஒரு வீடு

நீங்களே சொல்லுங்கள், கைப்பிள்ளைக்கு மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டேனோ என்று ஒருத்தி வாசலில் வந்து நின்றால், சும்மா விடுவீர்களா?

என் மாமியார் விடவில்லை.

அன்றைக்கு ஏற்கெனவே அவர் சூடாகத்தான் இருந்தார். என் நாத்தனார் ஷாமினிக்குப் பார்மசி படிக்க இடம் கிடைத்திருந்தது. வருகிறேன், வரவில்லை என்று இரவுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"டீச்சருக்குப் படிடி. ஒரு கணக்கைத் தப்பாச் சொல்லிக் குடுத்தா மறுநாள் திருத்திக்கலாம். மருந்துல தப்பு வந்தா திருத்த முடியுமா? ஊரே வந்து திட்டும்."

"எல்லாரும் தப்பாவா பண்றாங்கம்மா?"

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் கேட்டுக்கு வெளியே ஒரு மைவி கார் வந்து நின்றது. இறங்கியவள் நிலோபர். மத்தியானம் கிள்ளான் டவுன் மருந்துக்கடையில் என் கைக்குழந்தை ஜீவனுக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்த பார்மசிஸ்ட். வேலைக்குப் புதுசு. வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"அக்கா, போன் அடிச்சேன், நீங்க எடுக்கல. பில்லுல அட்ரஸ் இருந்துச்சு, அதான் நேரா வந்துட்டேன். தம்பிக்கு மருந்து குடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா. தூங்குறான், அதான் போனையும் சத்தமில்லாம வச்சிருந்தேன். ஏன்?"

"அந்த மருந்து ரெண்டு பவர்ல வருது அக்கா. கைப்பிள்ளைங்களுக்கு ஒண்ணு, பெரிய பிள்ளைங்களுக்கு ஒண்ணு. பாட்டில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இப்பத்தான் கவனிச்சேன், ரேக்குல ரெண்டும் கலந்து கிடக்குது. உங்களுக்கு எதைக் குடுத்தேன்னு ஒரு தடவை பார்த்துடறேன்."

அவ்வளவுதான். மாமியார் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா பேசுற? பிள்ளை உசுரு உனக்கு விளையாட்டா இருக்கா? நாலு வருஷம் படிச்சிட்டு, பாட்டில்ல இருக்கிற எழுத்தைப் படிக்கத் தெரியலையா?"

எதிர்வீட்டு ராஜன் அண்ணன் கார் கழுவுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"பார்த்துக்கடி ஷாமினி! இந்தப் படிப்புதான் வேணுமா உனக்கு? இப்படி வீடு வீடாப் போய் பேச்சு வாங்கப் போறியா?"

ஷாமினி தலையைக் குனிந்துகொண்டாள். நிலோபர் குனியவில்லை.

"திட்டுங்க ஆன்டி, கேட்டுக்கிறேன். முதல்ல பாட்டிலைக் காட்டுங்க."

நான் உள்ளே ஓடிப்போய் எடுத்து வந்தேன். வெளிச்சத்தில் பிடித்து, ஒன்றுக்கு இரண்டு தடவை படித்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ்! சரியான மருந்துதான். தைரியமாக் குடுங்க அக்கா."

மாமியார் பாட்டிலை வாங்கித் தானும் ஒரு தடவை பார்த்தார்.

"சரியாத்தானே இருக்கு? அப்புறம் எதுக்கு வந்து இவ்வளவு பேச்சு வாங்குற? பேசாம இருந்திருந்தா யாருக்குத் தெரியப் போவுது?"

"யாருக்கும் தெரியாதுதான் ஆன்டி. ஆனா பிள்ளை குடிச்சிடுமே."

"ரேக்குல கலந்து வச்சது நீயா?"

"யாரு வச்சா என்ன? எடுத்துக் குடுத்தது நான்தானே." கார் சாவியைக் கையில் எடுத்தாள். "இன்னும் ஒரு வீடு இருக்கு ஆன்டி, மேரு பக்கம். அவங்களும் போன் எடுக்கல. வரேன்."

"அங்கேயும் திட்டுவாங்களே?"

"திட்டட்டும் லா," என்று சிரித்தாள்.

மாமியார் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"என்னடி மரம் மாதிரி நிக்கிற? செருப்பைப் போடு."

ஷாமினி விழித்தாள். மாமியார் கேட்டைத் தானே திறந்துவிட்டு, நிலோபரிடம் கேட்டார்:

"அம்மாடி, இவளையும் கூடக் கூட்டிட்டுப் போறியா? எப்படித் திட்டு வாங்கணும்னு இப்பவே கத்துக்கட்டும்."