ஒரு முழம் மல்லி

வேங்கிக்காலில் அந்தக் குடும்ப ஆலோசனை அறையின் ஜன்னல் வழியே பிற்பகல் வெயில் மேசை மீது சாய்ந்து கிடக்கிறது. மூலையில் ஜாஹிரா உட்கார்ந்திருக்கிறாள். பெண்கள் அடிபடும் வழக்குகள் இங்கே எப்படி முடிகின்றன என்று ஆராய அவளுக்குப் பணம் கொடுக்கும் டெல்லி நிறுவனத்தின் நிபந்தனை ஒன்றுதான்: பதிவு செய், வாயைத் திறக்காதே. அவள் மடியில் ரெக்கார்டரின் சிவப்புப் புள்ளி எரிகிறது. சமரசமானால் புருஷன் பெண்டாட்டிக்குப் பூ வைத்துவிட வேண்டும்; அது இந்த அறையின் வழக்கம். ஆலோசகர் அம்மா ஒரு முழம் மல்லியைப் பலராமனிடம் நீட்டுகிறார். "வெச்சி உட்டு கூட்டிட்டுப் போப்பா." அவன் மனைவி அம்சா தலை குனிகிறாள். புருவத்துக்கு மேல் போன வாரத் தையல் இன்னும் பிரிக்கப்படவில்லை. பலராமன் பூவைச் செருகுகிறான். அதே கை கொண்டையைப் பற்றி முறுக்கி, அவள் முகத்தை மேசை விளிம்பில் மோதுகிறது. "எம்மேலயே போலீசுக்குப் போறியாடி?" டம்ளர் உருள்கிறது. தையல் பிளந்து, ரத்தம் மூக்கோரமாக இறங்கி, உதிர்ந்த மல்லியின் மேல் சொட்டுகிறது. ஆலோசகர் அம்மா டம்ளரை நிமிர்த்தி வைக்கிறார். "கால் தடுக்கி உழுந்துட்டா. மேடம், அத்த ஆஃப் பண்ணுங்க." அம்சா ஒற்றைக் கண்ணைத் திறந்து ஜாஹிராவைப் பார்க்கிறாள். ஜாஹிராவின் கட்டைவிரல் பொத்தானை விட்டு விலகுகிறது. இத்தனை மாதப் பதிவுகளில் ஒருமுறைகூட இல்லாத அவள் குரல் இப்போது ரெக்கார்டரில் ஏறுகிறது. "அவங்க விழல. இவன்தான் அடிச்சான். நான் பாத்தேன்."