சக்கர நாற்காலியில் ஒரு நடை

போன வாரம் கீழ்வீட்டுக்குக் குடிவந்த ஜெகதீஸ்வரி, நேற்றுதான் அரிசி மூட்டையைத் தோளில் சுமந்து வந்தாள். இன்று தெருவில் சக்கர நாற்காலியில் போய்க்கொண்டிருக்கிறாள்!

மாடியிலிருந்து பார்த்த மோகனராஜுக்குப் பொறுக்கவில்லை.

"ஊனம்னு சொல்லி கவர்மெண்டு வெல்ஃபேர் காசு வாங்க நாடகம் லா இது!" என்று மனைவியிடம் பொருமிவிட்டு, கைப்பேசியோடு படியிறங்கினார்.

ஜெலுத்தோங் மார்க்கெட் வரை அவள் பின்னாலேயே போனார். மேடு, பள்ளம், சாக்கடை மூடி என்று ஒவ்வோர் இடத்திலும் நாற்காலியை நிறுத்திப் பார்த்தே உருட்டினாள். திரும்பி ஃபிளாட் வாசலுக்கு வந்ததும் சட்டென்று எழுந்து நின்றாள்.

"ஏம்மா, கால் நல்லாத்தானே இருக்கு? எல்லாம் வீடியோ எடுத்துட்டேன்!"

"எனக்கு நல்லாத்தான் இருக்கு அண்ணே. என் வீட்டுக்காரருக்குத்தான் ரெண்டு காலும் போயிருச்சு. நாளைக்கு ஆஸ்பத்திரியிலருந்து வர்றாரு. தெரப்பி குடுக்கிறவங்கதான், மொதல்ல நீங்க உக்காந்து போய்ப் பாருங்க, எங்க தடுக்குதுன்னு தெரியும்னாங்க."

"எங்க... தடுக்குது?" அவர் குரல் இறங்கிவிட்டது.

"ரோட்டுல எல்லாம் சமாளிச்சிரலாம். இங்க மட்டும் நான் எறங்கி, நாற்காலியத் தூக்க வேண்டியிருக்கு. அவரு என்ன பண்ணுவாரு?"

அவள் கைகாட்டினாள். வாசல் சரிவுப் பாதையின் குறுக்கே, வழக்கம்போல், மோகனராஜின் மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது.