வெள்ளை உறை

சிவப்புப் பட்டை இல்லாத வெள்ளை உறை வந்தால் சாவுச் சேதி. அது ஹாங்காங் சீனர்களின் வழக்கம். புதிதாக வந்த தபால் துரையோ, சிவப்பில் முகவரி தெரியவில்லை, இங்கே போடும் கடிதமெல்லாம் வெறும் வெள்ளை உறையில்தான் என்று உத்தரவு போட்டுவிட்டார். கல்யாணக் கடிதத்துக்கும் வாசலில் ஒப்பாரி. தபால்காரர் மோக்குக்குக் காது மரத்துவிட்டது.

"ஏங்க, நமக்கும் வெள்ளை உறை வந்திருக்கு," என்றாள் மனைவி அ-லின், அதை நீட்டியபடி.

"நீயுமா? அது எங்க துரை பண்ற கூத்துடி. கஞ்சிய ஊத்து."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மோக் குடித்தபடியே உறையைத் திருப்பினார். பினாங்குத் தபால்தலை. மகன் பிழைக்கப்போன ஊர்.

துரையின் உத்தரவு இந்தக் கரையோடு சரி.

"இன்னும் கொஞ்சம் ஊத்தவா?"

"ஊத்து," என்றார்.