ஒரு சாண் ரேந்தை

"ஒரு சாண் ரேந்தையைக் காணோம்! எங்கட்டி போச்சு?"

சுகிர்தம் போட்ட சத்தத்தில், தென்காசியில் அந்தத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எதிரில் தையல் பெட்டியோடு ஷமீம் பானு. கதவோரம் சுகிர்தத்தின் புருஷன் செல்லப்பா, வாயில் கொழுக்கட்டையை அடைத்த மாதிரி.

சுகிர்தம் கையில் இருந்தது ஞானஸ்நான அங்கி. செல்லப்பா வீட்டுப் பிள்ளைகளெல்லாம் மூன்று தலைமுறையாகப் போட்டது. கீழ்விளிம்பைச் சுற்றி மிஷன் துரைசானி பின்னிக் கொடுத்த லேஸ், ரேந்தை என்பார்கள். துவைக்குமுன் அதைப் பிரித்தெடுத்து, அப்புறம் சுருக்கம் வைத்து மறுபடி தைக்க வேண்டும். அதற்குப் பானுவை விட்டால் ஆள் கிடையாது.

முதல் பிள்ளை பிறந்த கையோடு போய்விட்டது. இது அடுத்தது. நாளைக்கு ஞானஸ்நானம். ஆசையாய் அங்கியை விரித்தால், முன்னால் நெருக்கமாய் நல்ல சுருக்கம். பின்னால் சப்பையாய் இழுத்துத் தைத்திருக்கிறது. ரேந்தை குறைந்தால்தானே அப்படித் தைக்கணும்!

"நீதான வெட்டுன?"

"ஆமாக்கா, நான்தான்."

"அடி கள்ளி! கொண்டா இங்கன!"

"எங்கிட்ட இல்லக்கா. எங்கன்னு மட்டும் கேக்காதீய."

"உம் மவ பாவாடையில தச்சிருப்ப. வேற எங்கன போவும்?"

எங்கே போனதென்று செல்லப்பாவுக்குத் தெரியும். அவன்தானே வெட்டச் சொன்னது! சொல்ல வேண்டியதுதானே? மனுஷன் துண்டு நுனியைத் திருகிக்கொண்டு நிற்கிறான். குற்றாலத்துத் துரை பங்களாவில் அத்தனை வேலைக்காரரையும் அதட்டுகிற ஆள்! வெட்கக்கேடு.

"சுகிர்தம், அது வந்து..."

"அண்ணாச்சி, நீங்க சும்மா இருங்க" என்று பானு முந்திக்கொண்டாள். "நான் எடுத்ததாவே இருக்கட்டும்."

அவனும் சும்மா இருந்துவிட்டான். தன் மூஞ்சியில் தானே காறித் துப்பலாம் போலிருந்தது அவனுக்கு.

"அண்ணாச்சிக்கும் இவளுக்கும் என்ன ரகசியம்?" என்றாள் எதிர்வீட்டு ஆவுடையம்மாள்.

அவ்வளவுதான். சுகிர்தம் தையல் பெட்டியைப் பிடுங்கித் தெருவில் கவிழ்த்தாள். நூல்கண்டும் பித்தானும் மண்ணில் உருண்டன.

"இனிமே எவளும் இவகிட்ட துணி குடுக்காதீய!"

பானு குனிந்து பொறுக்கினாள். அதற்குமேல் செல்லப்பாவால் முடியவில்லை. தெருவில் இறங்கி, அவளுக்கு எதிரே உட்கார்ந்து தானும் பொறுக்கினான்.

"சொல்லாதீய அண்ணாச்சி" என்றாள் பானு மெதுவாக. "பச்சப்பிள்ளைக்காரி. தாங்கமாட்டா."

இந்தத் தடவை அவன் கேட்கவில்லை.

"சுகிர்தம், அவ திருடலட்டி. நீ ஜன்னி கண்டு நினைவில்லாமக் கிடந்தப்ப, நான்தான் அங்கியத் தூக்கிட்டு இவகிட்ட ஓடுனேன். உங்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு கேட்டதும் நான்தான்."

"எதுக்கு?"

"நம்ம வீட்டுப் பிள்ளைய எல்லாம் போட்டுதே, அதுக்கு மட்டும் இல்லாமப் போவக்கூடாதுன்னுதான். அந்த ரேந்தையில குல்லா தச்சு மாட்டித்தான் நம்ம மூத்தவளக் குழியில இறக்குனேன்."