ரெஸ்ட் எடும்மா

வளையல் போட வந்த இடத்துல வேலையைப் பத்தி யாராவது பேசுவாங்களா? எங்க தேவிப்பிரியா மேடம் பேசினாங்க.

நிஷாவுக்கு ஏழாம் மாசம். ஆபீஸ் வளைகாப்பு. அம்பத்தூர் எஸ்டேட்ல எங்க கம்பெனி கேன்டீன்லயே பிளாஸ்டிக் சேர்ல பட்டுத் துணி விரிச்சு உட்கார வெச்சோம். கேன்டீன் பூங்காவனம் அக்கா புளி சாதம், தேங்கா சாதம்னு அஞ்சு வகை கிளறிட்டாங்க. ஜி.எம். பார்த்தசாரதி சாரே தட்டும் கையுமா நின்னுகினு இருந்தாரு.

சார் தங்கமான மனுஷன். எனக்கும் இதே கேன்டீன்லதான் வளைகாப்பு பண்ணாங்க. இன்னிக்கு நிஷா உட்கார்ற பிளானிங் சீட்ல அப்ப நான் இருந்தேன். எங்க கம்பெனில வருஷா வருஷம் கோல் செட்டிங் உண்டு. அடுத்த வருஷம் என்ன செஞ்சு முடிக்கப் போறோம்னு மேலதிகாரி கிட்ட பேசி முடிவு பண்ணணும். என் பேரு பேபி. அந்த வருஷம் சார் என்னைக் கூப்பிட்டு, "பேபிக்கு ஒரு பேபி! இதைவிடப் பெரிய கோல் என்ன வேணும்? எதையும் தலையில போட்டுக்காத. ரெஸ்ட் எடும்மா"ன்னாரு.

பெத்த அப்பா கூட என்கிட்ட அப்படிப் பேசினதில்ல. இப்ப நான் டெஸ்பாட்ச்ல, வெளிய போற சரக்குக்கு கேட் பாஸ் போட்டுக்கினு இருக்கேன். அதை விடுங்க.

நிஷா வெள்ளானூர்ப் பொண்ணு. ஊட்ல எல்லாரும் நாத்து நட்டவங்க. இவதான் வேலப்பன்சாவடி வரைக்கும் போய்க் காலேஜ் படிச்சு, பிளானிங் வரைக்கும் வந்தவ. அடுத்த வருஷம் கம்பெனில புதுசா ஒரு புரொடக்‌ஷன் லைன் போடறாங்க. அதைத் தன் கையால பிளான் பண்ணணும்னு அவளுக்கு உசுரு. வாயைத் தொறந்தா அதே பேச்சுதான்.

தேவிப்பிரியா மேடம் அவளுக்கு மேலதிகாரி. கல்யாணம் பண்ணிக்கலை. சிரிச்சு ஒருத்தரும் பார்த்ததில்ல. வந்தாங்க, சந்தனம் பூசினாங்க, ரெண்டு கையிலயும் வளையல் போட்டாங்க. போட்ட கையை விடாமலே கேட்டாங்க.

"நிஷா, அடுத்த வருஷத்துக்கு உங்க கோல் இன்னும் பேசலையே?"

சாப்பிட்டுகினு இருந்தவங்க கூடத் திரும்பிப் பார்த்தாங்க.

சார் சிரிச்சுகினே, அந்தக் கோல்தான் வயித்துலயே இருக்கேம்மா, இன்னிக்காவது அந்தப் பொண்ணை விட்டுடுன்னாரு. எல்லாரும் சிரிச்சோம். மேடம் சிரிக்கலை.

"புது லைன் பிளானிங் நிஷாவோடது. லீவு முடிஞ்சு வந்த அன்னைக்கே அவங்க கைக்குப் போயிடணும். அதுவரைக்கும் நான் பார்த்துக்கறேன். சரிதானே சார்?"

சார் வாய் நிறைய புளி சாதம். நிதானமாப் பேசிக்கலாம்னு கையாட்டினாரு. மேடம் நகரலை.

"நல்ல நேரம் சார். உங்க வாயால சரின்னு சொல்லிடுங்க."

இத்தனை பேரும் அவரையே பார்த்துகினு இருந்தோம். முழுங்கிட்டு, "சரிம்மா, சரி"ன்னாரு.

நிஷா கண்ணுல பொலபொலன்னு தண்ணி.

எனக்கு வந்துதே ஆத்திரம். இவங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா? பெத்திருந்தாத்தானே தெரியும்னு பூங்காவனம் அக்கா முணுமுணுத்தாங்க. நானும் தலையாட்டினேன். ஆனா எனக்கு அதோட அடங்கலை. கை கழுவுற இடத்துல மேடத்தைப் புடிச்சேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணை அழ வெச்சிட்டீங்களே. நாளைக்குப் பேசியிருக்கக் கூடாதா?"

மேடம் குழாயை மூடினாங்க.

"நாளைக்கு அந்த சீட்டு இருக்காது பேபி. அதுல நம்ம ஸ்டோர்ஸ் லோகேஷை உட்கார வெக்கறதா சார் நேத்தே முடிவு பண்ணிட்டாரு. அந்தப் பொண்ணு ரெஸ்ட் எடுக்கட்டும்னாரு. ரூமுக்குள்ள எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேக்கலை. வளையல் போடற சபையில, இத்தனை பேர் எதிர்ல, முடியாதுன்னு சொல்ல அவருக்கு வாய் வராது. அதான் இங்க கேட்டேன்."

அவங்க கையைத் துடைச்சுகினே கேட்டாங்க.

"உங்களுக்கும் இங்க வளைகாப்பு நடந்துதே. சார் என்ன கோல் குடுத்தாரு?"

"ஒண்ணும் குடுக்கலை மேடம். ரெஸ்ட்..."

மேடம் தலையை ஆட்டிட்டு உள்ள போயிட்டாங்க.

லீவு முடிஞ்சு நான் வந்தப்ப என் சீட்ல வேற ஆளு. உன் பேர்ல கோல் எதுவும் இல்லையேம்மா, டெஸ்பாட்ச்னா உனக்கு அலைச்சல் இருக்காதுன்னு சொன்னதும் இதே சார்தான். அதுக்கும் ஒரு தேங்க்ஸ் சொல்லிட்டு வந்தவ நான்.

திரும்பி வந்தேன். நிஷா வளையல் குலுங்கக் குலுங்க சாப்பிட்டுகினு இருந்தா, முகம் பூரா சிரிப்பு. சார் ஐஸ்கிரீம் கப்போட என்னைப் பார்த்தாரு.

"என்ன பேபி, காலைல இருந்து ஓடிட்டே இருக்க? போய்க் கொஞ்சம் ரெஸ்ட் எடும்மா."

"எடுத்த வரைக்கும் போதும் சார்"ன்னேன். "எனக்கும் ஒரு கோல் சொல்லுங்க. எல்லாரும் இருக்கும்போதே சொல்லுங்க."