துரைசானியின் குரல்

மூச்சு விடக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது.

மூக்குக்கு நேராக மேடைத் துணி. துணியின் அந்தப் பக்கம் மரங்கள் வரைந்திருந்தார்கள். பார்க்க வந்தவர்களுக்கு அது சீமைத் தோட்டம். பின்னால் ஒளிந்து நின்ற அவளுக்குப் பசை நாற்றமும் பச்சைக் கறைகளும்தான்.

காலடியில் ஒரு விளக்கு. கையில் பாட்டுத் தாள்கள்.

மனப்பாடமான பாட்டு. ஆனாலும் தாளை விட்டால் சொற்களும் போய்விடும் என்று தோன்றியது.

லண்டனிலிருந்து கப்பலில் வந்த தாள்கள் அவை. அங்கே ஒரு நாடகக் கொட்டகையையே சிரிக்க வைத்த பாட்டாம். முதல் பக்கத்தில் அதைப் பாடியவளின் படம் அச்சிட்டிருந்தது. இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மேஜர் துரையின் மனைவி அந்தப் பாட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தாள். பரங்கிமலைப் பட்டாளத்து அதிகாரிகள் போடும் நாடகத்தில் தானே அதைப் பாடப்போவதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

கப்பல் வந்தது. காய்ச்சலும் வந்தது.

எழுந்து உட்கார்ந்தபோது தொண்டையில் குரல் இல்லை.

அந்த வீட்டில் துணி தைக்க வந்தவள் செலினா. செத்துப்போன ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய்க்கும் ஒரு தமிழச்சிக்கும் பிறந்தவள். அநாதை விடுதியில் ஞானப்பாட்டு பாடி வளர்ந்தவள்.

துரைசானி பியானோவில் வரிவரியாக வாசித்துக் காட்டினாள். செலினா பாடினாள். துரைசானி கண்ணாடி முன் நின்று அதற்கு வாயசைத்தாள்.

பழகிய பிறகு இரண்டு வாயும் ஒன்றாகவே திறந்தன.

இன்று மாலை செலினாவைத் துணிக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தும்போது, ஆயா ஞானப்பூ அவள் காதருகே வந்தாள்.

"வெளிய தெரிஞ்சுதுன்னா நாளைக்கே உன்ன விடுதிக்கு அனுப்பிடுவாங்களாம். துரைசானியம்மா சொல்லச் சொன்னாங்க. என்ன ஆனாலும் நிறுத்திடாத புள்ள. இருமல் வந்தா முழுங்கிக்க."

விடுதியில் ஓர் அறை உண்டு. ஜன்னல் கிடையாது. செலினா அதற்குள் இருந்திருக்கிறாள்.

பிடில்கள் தொடங்கின. துணிக்கு அந்தப் பக்கம் துரைசானி மேடையில் நின்றாள்.

அவள் பாடினாள்.

ஒரு பெண் தன்னைத் தேடி வந்த சிப்பாயை மாவுப் பீப்பாய்க்குள் ஒளித்துவைக்கிறாள். அப்பா வந்துவிடுகிறார். உள்ளே என்ன சத்தம் என்று கேட்கிறார். அவள் ஒரு பொய் சொல்கிறாள். சிப்பாய் தும்முகிறான். ஒவ்வொரு சரணத்துக்கும் ஒரு பொய், ஒரு தும்மல்.

முதல் தும்மலுக்குக் கொட்டகை அதிர்ந்தது.

துணிக்கு அப்பால் நூறு பேர் சிரிப்பதை அவள் அதற்குமுன் கேட்டதில்லை. சிரிக்கிறார்களா, கண்டுபிடித்துவிட்டார்களா?

இரண்டாவது தும்மல். சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. யாரோ தரையைக் காலால் தட்டினார்கள். ஏதோ கனமாக விழுந்த சத்தமும் கேட்டது. அதற்கும் சிரித்தார்கள்.

மூன்றாவது தும்மல்.

யாரும் சிரிக்கவில்லை.

தப்பாகப் பாடிவிட்டோமா? தாளைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

ஒரு பிடில் நின்றது. இன்னொன்றும் நின்றது. அவள் குரல் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

ஞானப்பூ நின்ற ஓரத்தைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஞானப்பூ இல்லை.

நிறுத்தினால் விடுதி. நிறுத்தாவிட்டால்?

நான்காவது சரணத்தைத் தொடங்கினாள். பாதியில் துணி கிழிந்தது.

வெளிச்சம் முகத்தில் அடித்தது. மேஜர் துரை கிழிந்த மரத்தைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்தார். அவருக்குப் பின்னால் முகங்கள். எல்லா முகங்களும் அவளைப் பார்த்தன.

குரல் தானாக நின்றது.

மேடை நடுவில் துரைசானி மல்லாந்து கிடந்தாள். முகம் மெழுகாக வெளுத்திருந்தது. பட்டாள வைத்தியர் மண்டியிட்டு அவள் கையில் நாடி பிடித்திருந்தார். தலையை மடியில் ஏந்தி உட்கார்ந்திருந்தாள் ஞானப்பூ.

செலினாவுக்குத் தன் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. மன்னிப்பு கேட்க வேண்டும். எந்த மொழியில் கேட்பது என்று தெரியவில்லை.

ஞானப்பூதான் கத்தினாள்.

"ஏண்டி நிறுத்தின? பாடு! நீ பாடற வரைக்கும் அம்மா வாய் அசைஞ்சுது. பாடுடி!"

மேஜர் துரைக்குத் தமிழ் தெரியும். மனைவியின் உதட்டைப் பார்த்தார். பிறகு செலினாவைப் பார்த்தார். பாடு என்பதுபோல் தலையை மட்டும் அசைத்தார்.

அவள் பாடினாள். குரல் உடைந்து வந்தது.

துரைசானியின் உதடுகள் பிரிந்தன.

மாவுப் பீப்பாய். அப்பாவின் கேள்வி. பொய். ஒரு சொல்லுக்கு ஒரு சொல், உதடுகள் அவளோடு வந்தன. செலினா மேடைக்கு நடுவே நடந்து போனதை அவளே அறியவில்லை. குனிந்து, அந்த வாயைப் பார்த்தபடியே பாடினாள்.

தும்மல் வரும் இடத்தில் செலினா தும்மினாள். முன் வரிசையில் ஒரு பெண் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசிச் சரணம். கடைசி வரி.

வைத்தியர் பிடித்திருந்த கையை மெல்லத் தரையில் வைத்தார். மேஜர் துரையை அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

உதடுகள் இன்னும் மூடவில்லை. அடுத்த சொல்லுக்காகத் திறந்திருந்தன.

செலினா முதல் சரணத்துக்குத் திரும்பினாள்.

இந்தத் தடவை மெதுவாகப் பாடினாள். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக.